புற்றுநோய்ச் சிகிச்சையும் பசியின்மையும்: பத்தியமா, ஊட்டமா?

2024 நவம்பர் 21 அன்று அமிர்தசரஸ் நகரில் நடைபெற்ற செய்தியாளர் சந்திப்பில், முன்னாள் கிரிக்கெட் வீரரும் அரசியல்வாதியுமான நவ்ஜோத் சிங் சித்து, நான்காம் நிலை மார்பகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த தம் மனைவி நோயிலிருந்து மீண்டுவிட்டதாக அறிவித்தார். சர்க்கரை, மாவுச்சத்து, பால் பொருட்கள் ஆகியவற்றை விலக்கி, எலுமிச்சை நீர், பச்சை மஞ்சள், வேப்பிலை, துளசி போன்றவற்றை உட்கொண்டதும், உணவு வேளைகளுக்கிடையே நீண்ட இடைவெளி விட்டதும் புற்றுநோயைப் பட்டினி போட்டு வென்ற வழி என்று அவர் விளக்கினார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. அவருடைய மனைவி அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்றவர் என்ற செய்தி அதே வேகத்தில் பரவவில்லை.

அடுத்த சில நாட்களில், மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பணியாற்றும், முன்பு பணியாற்றிய 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையொப்பமிட்ட அறிக்கை வெளியாயிற்று. இக்கூற்றுகளுக்குத் தரமான சான்று எதுவும் இல்லை என்றும், நிரூபிக்கப்படாத முறைகளை நம்பிச் சிகிச்சையைத் தாமதப்படுத்த வேண்டாம் என்றும் அது கேட்டுக்கொண்டது. பின்னர் சித்துவும், அந்த உணவுமுறை மருத்துவர்களின் ஆலோசனையுடன் சிகிச்சைக்குத் துணையாகப் பின்பற்றப்பட்டதே என்று தெளிவுபடுத்தினார்.

விவாதம் அத்துடன் ஓய்ந்தாலும், அது எழுப்பிய கேள்வி ஓயவில்லை. சென்னை கோபாலபுரம், இராயப்பேட்டை சுற்றுவட்டாரக் குடும்பங்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “சர்க்கரையை நிறுத்திவிட்டோம், பாலையும் நிறுத்திவிட்டோம், இன்னும் எதை நிறுத்த வேண்டும்?” நோய் என்றால் பத்தியம் என்பது நம் வீடுகளில் ஆழ வேரூன்றிய எண்ணம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரின் நிலையோ வேறு. அவருக்கு ஏற்கெனவே பசி குறைந்திருக்கிறது. உட்கொள்ளும் அளவு சுருங்கியிருக்கிறது. அந்தச் சிறிய அளவிலிருந்தும் ஒவ்வொன்றாக நீக்கினால் எஞ்சுவது எடைக்குறைவே. அந்த எடைக்குறைவு சிகிச்சையை எவ்வாறு பாதிக்கிறது, அதனைத் தடுக்க என்ன செய்யலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாகப் பயன்படுத்துகின்றன என்பது 1920களிலேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்த உண்மை. ஆனால் அதிலிருந்து, “உணவில் சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் அழியும்” என்ற முடிவுக்குச் செல்ல வழியில்லை. மூளைக்கும் இரத்தச் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸ் இன்றியமையாதது. எனவே இரத்தத்தில் அதன் அளவு ஒரு வரம்புக்குக் கீழே இறங்காதவாறு உடல் காத்துக்கொள்கிறது. உணவு வராதபோது, முதலில் கல்லீரலில் உள்ள சேமிப்பு கரைகிறது. அது தீர்ந்ததும் தசைப் புரதம் சிதைக்கப்பட்டு, அதிலிருந்து குளுக்கோஸ் உருவாக்கப்படுகிறது. பட்டினியின்போதும் புற்றணுவுக்குக் குளுக்கோஸ் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதற்கு விலையாக நோயாளியின் தசை கரைகிறது.

இனிப்புகளையும் குளிர்பானங்களையும் அளவின்றி உட்கொள்ளலாம் என்பது இதன் பொருளன்று. நீரிழிவு உள்ளவர்கள் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். கீமோதெரபியுடன் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் சர்க்கரை அளவை உயர்த்தக்கூடும் என்பதால், அதற்கேற்ப மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் சோறு, இட்லி, பால், பழம் ஆகியவற்றைப் புற்றுநோயின் பெயரால் விலக்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

பசி ஏன் மறைகிறது?

நோயாளி உண்ண மறுப்பது பிடிவாதத்தால் அன்று. பசியின்மைக்கு உடலியல் காரணங்கள் பல உள்ளன. அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்தே செயல்படுகின்றன.

நோயே முதற்காரணம். கட்டியும், அதனை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு மண்டலமும் வெளியிடும் வேதிப்பொருட்கள் மூளையின் பசி மையத்தை அடக்குகின்றன. அவற்றுள் ஒன்றான ஜி.டி.எஃப்-15 என்னும் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்தை 187 நோயாளிகளிடம் பரிசோதித்த ஆய்வின் முடிவுகள் 2024 செப்டம்பரில் வெளியாயின. மருந்து பெற்றவர்களின் எடை 12 வாரங்களில் கூடியது. அம்மருந்து இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. எனினும், பசியின்மை என்பது மூளைக்குச் செல்லும் ஒரு வேதிச்செய்தி என்பதை அந்த ஆய்வு உறுதிப்படுத்துகிறது.

கீமோதெரபி இரண்டாவது காரணம். விரைவாகப் பெருகும் அணுக்களைத் தாக்கும் இம்மருந்துகள், புற்றணுக்களோடு வாய், குடல் ஆகியவற்றின் உட்படலத்தையும் நாவின் சுவை அணுக்களையும் பாதிக்கின்றன. சுவை அணுக்கள் ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. அதனால்தான் அவை எளிதில் பாதிப்புக்கு உள்ளாகின்றன. உணவு சப்பென்று இருப்பதாகவோ, இரும்பை நக்கியது போன்ற சுவை தருவதாகவோ நோயாளிகள் கூறுவர். அதனுடன் குமட்டலும் வாந்தியும் சேர்கின்றன.

கதிர்வீச்சுச் சிகிச்சையின் விளைவு, அது அளிக்கப்படும் இடத்தைப் பொறுத்தது. வாய், தொண்டைப் பகுதியில் அளிக்கப்படும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் வாய்ப்புண் தொடங்கும். விழுங்கும்போது வலி, எச்சில் வற்றுதல், சுவை இழப்பு ஆகியவை பின்தொடரும். சிகிச்சை முடிந்த பின்னரும் புண் ஆறச் சில வாரங்களும், எச்சில் ஓரளவு திரும்பச் சில மாதங்களும் ஆகலாம். வயிற்றுப் பகுதியில் அளிக்கப்படும்போது குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம்.

எளிதில் கவனத்திலிருந்து தப்பும் காரணங்களும் உண்டு. வலி நிவாரணிகளாலும் வாந்தி தடுப்பு மருந்துகளாலும் ஏற்படும் மலச்சிக்கல், வாயில் வெண்படலமாகப் படரும் பூஞ்சைத் தொற்று, கட்டுப்படுத்தப்படாத வலி, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை பசியைக் குறைக்கும். இவை அனைத்துக்கும் சிகிச்சை உண்டு. எனவே “சாப்பிட முடியவில்லை” என்று மட்டும் கூறாமல், ஏன் முடியவில்லை என்பதையும் மருத்துவரிடம் விளக்குதல் வேண்டும்.

எடைக்குறைவு சிகிச்சையை எவ்வாறு பாதிக்கிறது?

ஆறு மாதங்களுக்குள், முயற்சி ஏதுமின்றி, உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைவது கவனத்துக்குரிய எல்லையாகும். 60 கிலோ எடையுள்ளவர் 57 கிலோவுக்குக் கீழே இறங்கினால் இந்த எல்லையைக் கடந்துவிட்டார். ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கு 2 சதவீதக் குறைவே எச்சரிக்கை.

இழக்கப்படும் எடையில் தசையும் அடங்கும். தசை குறைந்தவர்களிடம் கீமோதெரபியின் பக்கவிளைவுகள் கடுமையாகத் தோன்றுகின்றன. அதன் விளைவாக மருந்தின் அளவைக் குறைக்கவோ, அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவோ நேரிடுகிறது. தலை, கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சின்போது நோயாளியின் முகத்துக்கேற்பச் செய்யப்பட்ட முகமூடி, எடை குறைந்ததும் தளர்ந்துவிடும். கதிர் சரியான இடத்தில் விழுவதற்காக அளவெடுப்பையும் திட்டமிடலையும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதும் தாமதமாகும். ஆகவே, நோயாளி உட்கொள்ளும் உணவு சிகிச்சைக்குப் புறம்பானதன்று. திட்டமிட்ட சிகிச்சை முழுமையாக நிறைவேறுமா என்பதே ஓரளவு அதனைச் சார்ந்துள்ளது.

ஒன்றை நினைவில் கொள்க. கால் வீக்கமோ வயிற்றில் நீர் சேர்தலோ இருந்தால், உண்மையான எடைக்குறைவு எடைக்கருவியில் தெரியாது. அத்தகைய நிலையில் கைகள் மெலிதல், வளையலும் மோதிரமும் தளர்தல், கன்னம் ஒட்டுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

புதுச்சேரி ஆய்வு கூறுவது என்ன?

பசியின்மைக்கு மருந்து உண்டா என்ற கேள்விக்கு முக்கியமான விடையொன்று நம் அண்டையிலிருந்தே கிடைத்துள்ளது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், இரைப்பை, கல்லீரல், கணையம், பித்தப்பாதை, நுரையீரல் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோயுடன் கீமோதெரபி தொடங்கும் 124 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பிரிவினருக்கு ஓலான்சபின் என்னும் மருந்து நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் 12 வாரங்கள் அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற ஒப்பீட்டு மாத்திரை அளிக்கப்பட்டது. யாருக்கு எது தரப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரு பிரிவினருக்கும் உணவு ஆலோசனை வழங்கப்பட்டது.

2023ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்துப் பிரிவில் 60 சதவீதம்; ஒப்பீட்டுப் பிரிவில் 9 சதவீதம். பசி மேம்பட்டதாகத் தெரிவித்தவர்கள் முறையே 43 சதவீதம், 13 சதவீதம். அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தனது வழிகாட்டுதலைத் திருத்தி, முற்றிய புற்றுநோயில் பசியையும் எடையையும் மேம்படுத்தக் குறைந்த அளவு ஓலான்சபினைப் பரிந்துரைத்தது.

இம்முடிவுகளை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். இது ஒரே மையத்தில், குறிப்பிட்ட சில புற்றுநோய்களில் நடத்தப்பட்ட ஆய்வு. இம்மருந்து புற்றுநோயைக் குணப்படுத்தாது. ஓலான்சபின் அடிப்படையில் மனநல மருந்து. உறக்கக் கலக்கத்தையும் சர்க்கரை உயர்வையும் ஏற்படுத்தக்கூடும். முதியவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. மருந்துக்கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளுதல் கூடாது. எனினும், “சிகிச்சை என்றால் பசி இருக்காது, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்” என்ற நிலை மாறிவிட்டது. பசியின்மை, வலியைப் போன்று மருத்துவரிடம் முறையிடத்தக்க, சிகிச்சையளிக்கத்தக்க ஓர் அறிகுறி.

எவ்வளவு உணவு தேவை?

புற்றுநோயாளிகளுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்களின்படி, நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 25 முதல் 30 கலோரி ஆற்றலும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 1,250 முதல் 1,500 கலோரியும், 50 முதல் 75 கிராம் புரதமும் ஆகும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் புரத அளவை மருத்துவரே முடிவு செய்வார்.

நோயுற்றவர்க்கு நம் வீடுகளில் முதலில் தரப்படுவது நீர்த்த கஞ்சி, இரசஞ்சாதம், ரொட்டித்துண்டு, இளநீர். வாந்தி மிகுந்த ஓரிரு நாட்களுக்கு இவை பொருந்தும். வாரக்கணக்கில் இவற்றை மட்டுமே நம்பியிருந்தால் வயிறு நிறையும், புரதம் சேராது. அன்றாடச் சமையலைக் கொண்டே தேவையை எட்டலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

• காலையில் பால்மாவு இரண்டு கரண்டி கலந்த ஒரு தம்ளர் பால்: சுமார் 10 கிராம் புரதம்
• இட்லி மூன்று, கெட்டியான சாம்பாருடன்: சுமார் 8 கிராம்
• நன்கு வெந்த முட்டை இரண்டு: சுமார் 12 கிராம்
• நண்பகலில் நெய் சேர்த்த பருப்புச் சாதம்: சுமார் 8 கிராம்
• முள் நீக்கிய மீன் அல்லது கோழித்துண்டு, 75 கிராம்: சுமார் 15 கிராம்
• மாலையில் பொட்டுக்கடலை மாவு உருண்டை அல்லது வேர்க்கடலை, ஒரு கைப்பிடி: சுமார் 7 கிராம்
• இரவில் ஒரு கிண்ணம் தயிர் பிசைந்த சாதம்: சுமார் 5 கிராம்

மொத்தம் ஏறத்தாழ 65 கிராம். சைவ உணவு உண்போர் மீன், முட்டைக்கு மாற்றாகப் பன்னீர், சுண்டல், பாசிப்பருப்புப் பொங்கல், கூடுதலாக ஒரு தம்ளர் பால் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சத்துமாவுக் கஞ்சியை நீருக்குப் பதிலாகப் பாலில் காய்ச்சுதல் நன்று. ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால், உணவின் அளவு கூடாமலேயே சுமார் 45 கலோரி கூடும். நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்கு வழங்கப்படும் துவரம்பருப்பு, விலை உயர்ந்த ஊட்டச்சத்து மாவுகளுக்கு நிகரான புரத ஆதாரம். அத்தகைய மாவுகள், வழக்கமான உணவை உட்கொள்ள இயலாத நிலையில் மருத்துவரின் பரிந்துரைப்படி பயன்படுத்தத்தக்கவை.

அறிகுறிக்கேற்ற உணவுமுறை

பசியின்மை: மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு உணவு தருக. பலருக்குக் காலையில் பசி ஓரளவு இருக்கும். அன்றைய முக்கிய உணவை அப்போதே கொடுத்துவிடலாம். சாப்பாட்டுக்குச் சற்று முன்போ இடையிலோ அதிகமாக நீர் அருந்தினால் வயிறு விரைவில் நிறைந்துவிடும்.

குமட்டல்: தாளிக்கும் வாசனையும் எண்ணெய்ப் புகையும் குமட்டலைத் தூண்டும். சமைக்கும்போது நோயாளி வேறு அறையில் இருப்பது நல்லது. சூடு ஆறிய உணவில் வாசனை குறைவு. வாந்தி தடுப்பு மாத்திரைகளைக் குமட்டல் வந்த பின்னர் தேடாமல், எழுதிக்கொடுத்த நேரப்படி உட்கொள்ளுதல் வேண்டும்.

சுவை மாற்றம்: இரும்புச் சுவை தோன்றினால் எவர்சில்வர் கரண்டிக்கு மாற்றாகக் கையாலோ மரக்கரண்டியாலோ உண்ணலாம். இறைச்சி கசந்தால் முட்டை, தயிர், பருப்பு ஆகியவற்றுக்கு மாறலாம். வாய்ப்புண் இல்லாதவர்களுக்கு எலுமிச்சை, புதினா, கொத்தமல்லி ஆகியவை சுவையைக் கூட்டும்.

வாய்ப்புண்: காரம், புளி, மொறுமொறுப்பான பண்டங்கள், மிகுந்த சூடு ஆகியவற்றைத் தவிர்த்து, குழைந்த பொங்கல், தயிர்ச்சாதம், மசித்த வாழைப்பழம், பாயசம் போன்றவற்றைத் தரலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, நாளுக்குப் பலமுறை வாய் கொப்பளிக்க வேண்டும். உணவுக்கு அரைமணி நேரத்துக்கு முன் வலி மருந்து தரலாமா என்று மருத்துவரிடம் கேட்டறிக.

வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட கஞ்சி, வாழைப்பழம் தரலாம். ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ மருத்துவமனையை அணுக வேண்டும்.

மருத்துவர் தடை சொல்லாதவரை, நாள்தோறும் சிறிது நடத்தல் பசிக்கும் தசைக்கும் துணைபுரியும்.

கவனத்துக்குரிய எச்சரிக்கைகள்

கீமோதெரபிக்குப் பின் வெள்ளையணுக்கள் குறையும் நாட்களில் சாதாரணக் கிருமியும் ஆபத்தாகலாம். நீரையும் பாலையும் காய்ச்சியே பயன்படுத்த வேண்டும். அரைவேக்காட்டு முட்டை, சாலையோரம் வெட்டி வைத்த பழங்கள், நெடுநேரம் வெளியில் இருந்த சட்னி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நன்கு கழுவித் தாமே தோலுரித்த பழங்களை உண்ணலாம். உடல் வெப்பநிலை 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சமையலில் சேரும் மஞ்சளால் தீங்கில்லை. ஆனால் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள், மூலிகைச் சாறுகள், பெயர் தெரியாத பொடிகள் ஆகியவை கல்லீரலைப் பாதிக்கலாம். புற்றுநோய் மருந்துகளின் செயலை மாற்றவும் கூடும். எவற்றையேனும் உட்கொண்டால் மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற தயக்கம் வேண்டியதில்லை; மருந்தின் அளவை முடிவு செய்வதற்கு அத்தகவல் தேவை.

ஐந்து நாட்களுக்கு மேல் ஏறத்தாழ எதுவுமே உண்ணாதவர்களுக்குத் திடீரென முழு உணவு தருதல் கூடாது. இரத்தத்தில் உள்ள தாது உப்புகள் வேகமாகக் குறைந்து இதயத்தைப் பாதிக்கலாம். மருத்துவமனையில், பரிசோதனைகளுடன் சிறிது சிறிதாகவே தொடங்க வேண்டும்.

குழாய் வழி உணவு: அஞ்ச வேண்டுமா?

வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் மூக்கு வழியாகவோ வயிற்றில் சிறு துளையிட்டோ குழாய் பொருத்த மருத்துவர் அறிவுறுத்தலாம். “குழாய் வைத்துவிட்டால் முடிவு நெருங்கிவிட்டது” என்று குடும்பத்தார் அஞ்சி மறுப்பதுண்டு. பெரும்பாலான நேரங்களில் உண்மை இதற்கு நேர்மாறானது. வாய்ப்புண் ஆறும்வரை எடையைக் காத்துச் சிகிச்சையை நிறைவு செய்வதற்கான தற்காலிக ஏற்பாடே அது. அரைத்து வடிகட்டிய வீட்டு உணவைச் சரியான பக்குவத்தில் குழாய் வழியே தருவதற்குச் செவிலியர் பயிற்சி அளிப்பர். விழுங்கும் திறன் மங்காதிருக்க, அனுமதிக்கப்பட்ட அளவில் வாய்வழியாகவும் சிறிது விழுங்கப் பழக வேண்டும்.

பராமரிப்பாளர்களுக்கு

அன்பை உணவாகப் பரிமாறுவது நம் வழக்கம். எனவே தட்டு நிறைய இருக்கும் உணவு தொடப்படாமல் திரும்பும்போது, சமைத்தவருக்கு அது தம்மையே மறுத்தது போல் தோன்றுகிறது. கெஞ்சலும் கண்டிப்பும் கண்ணீரும் தொடர்கின்றன. நோயாளியோ, சாப்பிட இயலாத குற்ற உணர்வுடன், உணவு வேளையை அஞ்சத் தொடங்குகிறார். சிறிய கிண்ணத்தில் சிறிதளவு பரிமாறுங்கள். வேண்டாம் என்றால் எடுத்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள். உடன் அமர்ந்து உண்ணுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், ஒரே நேரத்தில் எடை பார்த்துத் தேதியுடன் எழுதி வையுங்கள். வாதாடுவதைவிட அந்தக் குறிப்பு பயன் தரும்.

நோய் மிக முற்றி, சிகிச்சையின் நோக்கம் வலி தணிப்பாக மாறிய இறுதி நாட்களுக்கு இந்த அறிவுரைகள் பொருந்தா. அப்போது உடல் உணவை ஏற்கும் ஆற்றலை இழக்கிறது. வற்புறுத்தி ஊட்டுவதால் ஆயுள் நீளாது. புரையேறுதலும் மூச்சுத்திணறலும் ஏற்படலாம். உண்ணாததால் அவர் இறக்கவில்லை. நோயின் இறுதிக்கட்டத்தில் உடல் உணவை வேண்டுவதில்லை. உதடுகளை நனைத்தல், விரும்பிக் கேட்டதை ஒரு கரண்டி தருதல், அருகில் இருத்தல் ஆகியவையே அந்நாட்களின் பராமரிப்பு. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க, குடும்பத்தாருக்கு உரிமை உண்டு.

உதவி எங்கே கிடைக்கும்?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய காலத்திலிருந்தே, பிற மாவட்டங்களிலிருந்து வந்து தங்கிச் சிகிச்சை பெறுவோர் சென்னையில் ஏராளம். கோபாலபுரத்துக்கு அருகிலுள்ள இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் ஆறேழு வாரங்கள் நீளக்கூடியது. வாடகை அறையில் தங்கி, சமையல் வசதியின்றி, உணவகத்தை நம்பியிருப்போர்க்கு 2013 முதல் சென்னையில் செயல்படும் அம்மா உணவகங்கள் உதவியாக அமையும். ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய்ப் பொங்கல், மூன்று ரூபாய்த் தயிர்ச்சாதம் ஆகியவற்றைச் சூடாக வாங்கி, அவித்த முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொண்டால் குறைந்த செலவில் நிறைவான உணவாகும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதியுடைய குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், வீட்டிலேயே முடங்கியிருப்போர்க்கு வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வழங்கப்படுகின்றன. ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.

இத்துறையில் செய்ய வேண்டியவையும் உள்ளன. காசநோய்த் துறையில் தமிழ்நாடு ஒரு பாடம் கற்றுத் தந்துள்ளது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்கீழ், நோய் கண்டறியப்பட்டவுடனேயே ஒவ்வொருவரின் உயரமும் எடையும் கணக்கிடப்படுகின்றன. கடுமையாக மெலிந்தவர்கள் பிரித்தறியப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். உயரம், எடை ஆகிய இரண்டைக் கணக்கிட விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையிலும் முதல் நாளிலிருந்தே எடையைக் கணக்கிட்டு, குறைந்தவுடன் உணவு ஆலோசகரிடம் அனுப்பும் நடைமுறை எல்லா இடங்களிலும் நிலைபெற வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 14 லட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானதாக உலக மதிப்பீடு கூறும் நிலையில், இது சிறிய செய்தியன்று.

அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• சிகிச்சை தொடங்கியபோது இருந்த எடை எவ்வளவு, இன்றைய எடை எவ்வளவு, குறைவு எத்தனை சதவீதம்?
• பசியின்மைக்கு வாய்ப்புண், மலச்சிக்கல், பூஞ்சைத் தொற்று, மனச்சோர்வு போன்ற காரணம் ஏதேனும் உள்ளதா?
• பசியைத் தூண்டும் மருந்து இந்த நோயாளிக்குப் பொருந்துமா?
• உணவு ஆலோசகரை எந்த நாளில், எந்த அறையில் சந்திக்கலாம்?
• நீரிழிவு, சிறுநீரக நோய் காரணமாக உண்மையிலேயே தவிர்க்க வேண்டிய உணவு எது?

இவற்றுள் கடைசிக் கேள்விக்கு மருத்துவர் தரும் விடையே நோயாளியின் பத்தியம். அதில் இடம்பெறாத எந்த உணவையும், காணொளியில் கண்டதற்காகவோ அக்கம்பக்கத்தார் சொன்னதற்காகவோ அவருடைய தட்டிலிருந்து நீக்க வேண்டாம்.